தலையிடி இல்லை, அதனால் பிரஷரும் இல்லையா?

தலையிடி இல்லை, கழுத்து இழுக்கவில்லை, அப்போ பிரஷர் இல்லை. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரைக்கும் எங்கே போனாலும் காதில் விழுகிற கணக்கு இது, பிழையான கணக்கு. கூடின பிரஷர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. சிறு நாடிகளின் சுவரில் இருக்கிற தசை இறுகினாலோ, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் தேவைக்கு மேலே பிடித்து வைத்தாலோ நாடிக்குள்ளே அழுத்தம் ஏறும். மேல் எண் 160 வரை ஏறினாலும் உடம்பு பழகிக்கொள்ளும், வலிக்காது. ஆனால் இதயத்தின் தசை தடிக்கும், மூளை, கண், சிறுநீரகம் மூன்றிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வருடக்கணக்கில் கெட்டுக்கொண்டே வரும். அளந்து பார்க்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

சரி, அளக்கிறோம், எப்படி அளக்கிறோம்? விடியவே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து, வெயிலில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய் கையை நீட்டி, அளக்கும்போதே பக்கத்து ஆளோடு கதையும் சொன்னால் எண் ஏறத்தான் செய்யும். சலம் அடக்கிக்கொண்டு இருந்தாலும், காலுக்கு மேல் கால் போட்டாலும், கை கீழே தொங்கினாலும், பருத்த கைக்குச் சின்னப் பட்டியைக் கட்டினாலும் அப்படித்தான். தேத்தண்ணி, சிகரெட் முடிந்து அரை மணித்தியாலம் போகட்டும். முதுகைச் சாய்த்து 5 நிமிடம் சும்மா இருங்கள், கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வையுங்கள், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பாருங்கள். கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85, இதற்கு மேலே பல நாள் தொடர்ந்து வந்தால்தான் பொதுவாக உயர் பிரஷர் என்கிறார்கள். மறுபக்கம், இளம் பெண்ணுக்கு 100/60 வந்ததும் 'லோ பிரஷர்' என்று உப்புக் கரைத்துக் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. தலைசுற்று, மயக்கம் ஒன்றும் இல்லாமல் அவர் நன்றாக இருந்தால் அது நோயே இல்லை.

எனக்குக் கோபம் வருகிற தவறு வேறு. 'நோர்மல் என்று சொல்லிட்டாங்க, குளிசையை விட்டுட்டேன்.' நோர்மல் ஆனதே குளிசையால்தானே! அம்லோடிபின் நாடியின் தசையைத் தளர்த்துகிறது, லோசாட்டன் நாடியை இறுக்கச் சொல்லும் கட்டளையைத் தடுக்கிறது. மருந்து உடம்பை விட்டுப் போனால் பழைய அழுத்தம் திரும்பி வரும். கால் வீங்கினால், எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல் வந்தால், அதை டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் குளிசை அந்த வேறு மருந்து அல்ல. இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பிரஷர் குளிசையையும் சேர்த்து விட்டுவிடுவார்கள் சிலர். பெரும்பாலும் அதைக் கொஞ்சம் தண்ணீரோடு போடலாம், அதற்கு முந்தின கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள் (சீனி வருத்தக் குளிசையின் கதை வேறு). காத்தான்குடி, கல்முனைப் பக்கம் நோன்பு பிடிக்கிறவர்களும் குளிசையைத் தாமாக நிறுத்தத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போடுகிறவருக்கு நோன்பு திறந்த பிறகோ சஹருக்கோ நேரத்தை மாற்றித் தருவார்கள். சலம் போகிற குளிசை எடுக்கிறவர்கள் மட்டும் கட்டாயம் முன்கூட்டியே கதைக்க வேண்டும், இந்த வெயிலில் தண்ணீர் வற்றி எழும்பும்போது விழுந்துவிடலாம்.

உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைய என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டு கருவாடு, ஊறுகாய், மிக்சர், கொத்து என்று சாப்பிட்டால் என்ன பயன்? கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

வயல் வேலை முடிந்து இடுப்பு வலிக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கி வாரக்கணக்கில் போடுவது பலரும் கவனிக்காத ஒன்று. அது உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வலிக்கு மருந்து வாங்கும்போது பிரஷர் இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, பாரிசவாதம். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால் நாக்குக்குக் கீழே பிரஷர் குளிசை வைக்கக் கூடாது. அழுத்தம் சட்டென்று விழுந்தால் மூளைக்குப் போகிற இரத்தம் இன்னும் குறையும். சோடா, தேத்தண்ணி பருக்கவும் வேண்டாம், புரைக்கேறும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று சரியாகச் சொல்லுங்கள்: இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும், அதற்குள் ஸ்கேனும் எடுத்து மூளையில் இரத்தம் கசியவில்லை என்று பார்த்தாக வேண்டும்.