'ஆஃப்டர்', 'ஃபார்' வந்தால் பெயர்ச்சொல்லா, 'இங்' வடிவமா?

ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது இந்த இடத்தில் கை நிற்கிறதா? அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். செயப்படுபொருள் வந்தால் 'இங்' அதை நேராகப் பிடித்துக்கொள்ளும்: 'ஆஃப்டர் கம்ப்ளீட்டிங் த வொர்க்'. பெயர்ச்சொல்லுக்கோ நடுவில் ஒரு 'ஆஃப்' வேண்டும்: 'ஆஃப்டர் த கம்ப்ளீஷன் ஆஃப் த வொர்க்'. இரண்டும் சரிதான், எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், யாரோ வேலை செய்வது அதில் தெரிகிறது. ஆனால் 'இங்' போட்டால் அதைச் செய்தவரே வாக்கியத்தின் எழுவாயாகவும் இருப்பது நல்லது. 'ஆஃப்டர் கம்ப்ளீட்டிங் த வொர்க், த பில் வாஸ் பெய்ட்' என்று எழுதினால் பில்தான் வேலையை முடித்தது என்று பொருள் வந்துவிடும், அங்கே பெயர்ச்சொல்லுக்கே போய்விடுங்கள். அப்புறம், 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பின் 'மீட்' வராது, 'மீட்டிங் யூ'தான். அந்த 'டு'வும் 'ஆஃப்டர்', 'ஃபார்' போல முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்).