டெல்டா சாலையில் ஏடாஸ் கார்: எதை ஆனில் வைப்பது, எதை ஆஃப் செய்வது

ஓட்டுநருக்கு உதவும் மின்னணு அமைப்புகளை ஏடாஸ் (ADAS) என்று ஒரே பெயரில் விற்றாலும் அதற்குள் இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, எச்சரித்துப் பார்த்துக் கடைசி நேரத்தில் தானே பிரேக் அடிப்பது. இன்னொன்று, ஸ்டியரிங்கையும் வேகத்தையும் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வது. முதல் வகையை, அதாவது ஆட்டோ பிரேக், மோதல் எச்சரிக்கை, கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு வண்டியைக் காட்டும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கு ஆகியவற்றை எந்தச் சாலையிலும் அணைக்க வேண்டாம். இரண்டாம் வகையான அடாப்டிவ் க்ரூஸையும் (முன்வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) லேன் அசிஸ்ட்டையும் (கோட்டைத் தாண்டாமல் ஸ்டியரிங்கைத் திருப்புவது) சாலையைப் பார்த்துத்தான் போட வேண்டும். காவிரி டெல்டாவில் அவற்றுக்கு ஏற்ற சாலை குறைவு. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் ஒழுங்காக நடந்துகொள்ளும் அதே கார், கல்லணை–பூம்புகார் சாலையில் ஆற்றங்கரையோரம் போகும்போது ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்திருந்தால் பாதி ஆபத்து குறையும்.

முதலில் உங்கள் காரின் கண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கேமரா முன்கண்ணாடியின் உள்ளே, நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ரேடார் முன் கிரில்லில் கம்பெனி லோகோவுக்குப் பின்னாலோ, பம்பரின் கீழ்ப்பகுதியில் ஒரு கறுப்புப் பலகைக்குப் பின்னாலோ இருக்கும். சில மாடல்களில் கேமரா மட்டும்தான், ரேடாரே கிடையாது. பிளைண்ட் ஸ்பாட் ரேடார்கள் பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும் உள்ளே ஒளிந்திருக்கும். பம்பரில் பொத்தான்போல் தெரிபவை பார்க்கிங் சென்சார்கள். எது எங்கே என்று மேனுவலில் படம் போட்டிருப்பார்கள்.

இந்த இடங்களை மறைப்பது பெரும்பாலும் நாம்தான். ஆயுத பூஜைக்குக் கிரில்லில் கட்டும் வாழைக்கன்று ரேடாரின் நேர் எதிரே நிற்கிறது. ஈரமுள்ள இலையும் தண்டும் ரேடார் அலையைத் தடுக்கும். லோகோவில் அப்பிய சந்தனமும் சென்சார் பொத்தானில் வைத்த குங்குமமும் காய்ந்து கெட்டியானால் அதே கதைதான். பூஜையை நிறைவாகச் செய்யுங்கள். வண்டியை வெளியில் எடுக்கும் முன் கன்றை அவிழ்த்து, பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சந்தனத்தைப் பானட்டில் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஃபாஸ்டேக் ஒட்டும்போதும் கவனம் வேண்டும். நடுக்கண்ணாடியை ஒட்டி, ஆனால் கேமரா பார்க்கும் பகுதியைத் தொடாமல் ஒட்டச் சொல்லுங்கள். முன் பம்பரில் மாட்டும் இரும்புக் காப்புச் சட்டம் வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடை செய்துவிட்டது. மோதும்போது விசை பம்பர் வழியாகப் போகும் விதத்தை அது மாற்றுவதால் ஏர்பேக் விரிய வேண்டிய நேரம் தவறலாம். ரேடாரையும் மறைக்கும்.

நெல் காயும் சாலை

குறுவை அறுவடையிலும் தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடையிலும் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் முன் ஈரம் குறைய நெல்லைச் சாலையில் கொட்டிப் பரப்புகிறார்கள். பாதிச் சாலை நெல், ஓரத்தில் வரிசையாகக் கல்லோ செங்கல்லோ முள்கிளையோ. இந்த இடத்தில்தான் லேன் அசிஸ்ட் எதிராளியாக மாறும்.

நடப்பது இதுதான். இடது ஓரத்து வெள்ளைக்கோடு நெல்லுக்கடியில் போய்விட்டது. கேமராவுக்குத் தெரிவது நடுக்கோடு மட்டும். நெல்லை விட்டு விலக நீங்கள் வலது பக்கம் ஒடிக்கிறீர்கள், இண்டிகேட்டர் போடவில்லை. தூக்கக் கலக்கத்தில் கோட்டைத் தாண்டுகிறீர்கள் என்று கார் முடிவு செய்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுக்கிறது. அந்த இடப்பக்கத்தில்தான் கல் வரிசையும், காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடக்கும் ஆளும் இருக்கிறார்கள்.

வலது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்துக்கு லேன் அசிஸ்ட் வழிவிடும். போட மறந்து இழுத்துவிட்டால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துத் திருப்புங்கள். அதன் விசை குறைவு, உங்கள் பிடிக்கு அடங்கிவிடும். ஒற்றைக் கையில் தளர்வாகப் பிடித்திருப்பவர்தான் திடுக்கிட்டுப் போவார். அறுவடைக் காலத்தில் இருவழிச் சாலைக்கு இறங்கும் முன்பே அதை ஆஃப் செய்துவிடுவது மேல். பல மாடல்களில் ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ கோடு போட்ட சின்னமுள்ள பட்டன் இருக்கும், சிலவற்றில் அதைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மீட்டரில் அந்தச் சின்னம் அணைந்ததா என்று பாருங்கள். காரை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் தானாக ஆன் ஆகும் மாடல்களும் உண்டு. டீ குடித்துவிட்டு வந்து ஏறியதும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஆட்டோ பிரேக்கை இங்கேயும் ஆனில் வையுங்கள், ஆனால் நம்பி ஓட்டாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். காய்ந்த தார்ச்சாலையில் முழு பிரேக் அடித்தால் நிற்க இன்னும் ஏறக்குறைய 35 மீட்டர். ஆட்டோ பிரேக் இறங்குவது கடைசி நேரத்தில், டயருக்கு நல்ல பிடிமானம் இருக்கும் என்ற கணக்கில். நெல்மணிமேல் டயர் உருளும், தார் கிடைக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே இருக்கும், காரும் போய்க்கொண்டே இருக்கும். செங்கல் அளவுக்குத் தாழ்வாகக் கிடக்கும் பொருளுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கையே வராது. நிற்கும் மனிதரை அடையாளம் காணும் கேமரா, குனிந்து மூட்டை கட்டுபவரையும் உட்கார்ந்து நெல் அள்ளுபவரையும் தவறவிடலாம். நெல் தெரிந்ததும் 30-க்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

வைக்கோலையும், உளுந்து, பயறு செடிகளையும் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்புவதும் உண்டு. அதன்மேல் ஓட்டினால் தாள் அச்சில் சுற்றிக்கொள்ளும். சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும் ஏபிஎஸ் சென்சார் ஒயரை இழுத்து அறுத்துவிட்டால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கும் வழுக்கும் கார் சின்னமும் சேர்ந்து எரியும். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஆட்டோ பிரேக்கும் க்ரூஸும் அந்தச் சென்சாரை நம்பியிருப்பதால் அவையும் போய்விடும். இதைவிடப் பெரிய ஆபத்து தீ. புகைக்குழாயும் அதில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டும் காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். இதற்கு எந்தச் சென்சாரும் கிடையாது. தாண்டியே ஆக வேண்டியிருந்தால் தாண்டியதும், வைக்கோல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குனிந்து அடியில் பாருங்கள். புகை தெரியாமல், தாள் மட்டும் தொங்கினால் குச்சியால் இழுத்துவிடுங்கள், கையை விடாதீர்கள். புகை வந்தால் எல்லோரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். பானட்டைத் திறக்கவே கூடாது.

க்ரூஸை எங்கே போடலாம்

நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலை, பகல், மழையில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் போடலாம். இடைவெளியை அதிகபட்சத்தில் வையுங்கள். நடுவே வேறு வண்டி புகுந்துவிடுகிறது என்று குறைப்பவர்கள் உண்டு. புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும், கார் தானாகப் பின்வாங்கிக்கொள்ளும். தடுப்பில் திறப்பு வரும் இடங்களுக்கும் டோல்கேட்டுக்கும் முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு அதை விடுவித்துவிடுங்கள்.

க்ரூஸின் பெரிய ஓட்டை, நின்றுகொண்டிருக்கும் வண்டி. பாலம், பலகை, தடுப்பு என்று நிற்கும் பொருள் எல்லாவற்றுக்கும் பிரேக் அடித்தால் கார் ஓடாது. அதனால் வேகமாகப் போகும்போது நிற்பவற்றின் எதிரொலியைப் பல கார்கள் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் முன்னால் போன பஸ் திடீரென்று விலகுகிறது, அதன் மறைவில் ஒரு டிராக்டர் நின்றிருக்கிறது. வழி காலியாகிவிட்டது என்று நினைத்துக் கார் வேகத்தைக் கூட்டவும் செய்யலாம். க்ரூஸில் போகும்போது கால் பிரேக் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அடுத்தது வைக்கோல் பாரம். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் தெரியாமல், டிரெய்லரைத் தாண்டி ஒரு மீட்டர் வெளியே பிதுங்கி நிற்கும். கேமரா தேடுவது வண்டியின் பின்பக்க வடிவத்தை, இதிலோ அது மூடிக்கிடக்கிறது. காய்ந்த வைக்கோல் ரேடார் அலையை இரும்புபோல் திருப்பி அனுப்பாது. அலை உள்ளே இருக்கும் அச்சிலோ சட்டத்திலோ பட்டுத் திரும்பினால், பாரத்தின் முனை இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் கார் கணக்குப் போடும். கரும்பு டிராக்டருக்கும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஏற்றிய வண்டிக்கும் இதே நிலைதான். இப்படி ஒன்று முன்னால் வந்தால் க்ரூஸை விடுவித்து நீங்களே ஓட்டுங்கள்.

வண்டிகளையும் மனிதரையும் பார்த்துப் பழகிய மென்பொருள் ஆடு, மாடுகளை அடையாளம் காணும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறுத்த வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சாலையைக் கடக்கும் வாத்துக் கூட்டத்தைப் பற்றி எந்த மேனுவலிலும் ஒரு வரி இருக்காது.

பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கண்ணாடியில் அடிக்கடி பாருங்கள். உங்கள் கார் தானாக அடிக்கும் பிரேக் உங்களுக்கே திடீரென்று இருக்கும்போது, பின்னால் வருபவருக்கு எப்படி இருக்கும்? பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, பக்கத்தில் வந்துவிட்ட வண்டியைக் காட்டும். கும்பகோணம் பஸ் பின்னாலிருந்து வரும் வேகத்துக்கு அது எரியும் வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

இரவு, பனி, மழை

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா. அதற்கு முந்தைய நாட்களிலிருந்தே கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தஞ்சாவூர், திருவாரூர் வழியிலும் இரவெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும். இருட்டில் மனிதரைக் கண்டுபிடிக்கக் கேமராவுக்கும் உங்கள் ஹெட்லைட் வெளிச்சம்தான் ஆதாரம். லோ பீம் நன்றாகக் காட்டுவது சுமார் 40, 50 மீட்டர். 60-ல் போனால், ஒரு நொடியில் சுதாரித்தாலும் நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் ஆகும். களைப்பில் இரண்டு நொடி எடுத்தால் 54 மீட்டர், வெளிச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். கூட்டம் நடக்கும் சாலையில் 40-ஐத் தாண்ட வேண்டாம். ஆட்டோ ஹை பீம் எதிர் வண்டியின் விளக்கைப் பார்த்துத்தான் இறங்கும். நடப்பவரிடமும் விளக்கில்லாத சைக்கிளிலும் அது பார்ப்பதற்கு எதுவுமில்லை, அவர்கள் கண்ணில் நேராக அடித்துக்கொண்டே போகும். நீங்களே கையால் லோ பீமுக்கு மாற்றுங்கள்.

மார்கழி, தை விடியற்காலைப் பனியை ரேடார் ஓரளவு ஊடுருவும், கேமராவால் முடியாது. மனிதரை உறுதிசெய்யக் கேமரா தேவைப்படும் கார்களில் அந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் குறைந்துவிடும். முன் கேமரா இயங்கவில்லை என்று மீட்டரில் வந்தால் அதை எரிச்சலோடு தள்ளிவிடாமல், ஏடாஸ் இல்லாத பழைய கார் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள், கேமரா பார்ப்பதும் வைப்பர் துடைக்கும் இடம் வழியாகத்தான். உள்பக்கம் கண்ணாடி பூத்தால் ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காரில் கேமரா சூடேறிச் சிறிது நேரம் வேலை செய்யாமல் இருந்தால் அது கோளாறில்லை, ஆறியதும் வந்துவிடும்.

வாய்க்கால் ஓரம் ரிவர்ஸ்

2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின் பார்க்கிங் சென்சார் கட்டாயம். அது ஒலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. முன்னால் பொருள் இருந்தால்தான் எதிரொலி. வாய்க்கால் என்பது பொருள் இல்லாத இடம், எனவே கார் அமைதியாக உள்ளே இறங்கும்! மெல்லிய கம்பம், வேலிக் கம்பி, வைக்கோல் போர், பம்பருக்குக் கீழே இருக்கும் மைல்கல் ஆகியவற்றையும் அது விட்டுவிடலாம்.

கரையில் திருப்ப வேண்டியிருந்தால் ஒருவரை இறக்கி, ஓட்டுநர் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வையுங்கள், வண்டிக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள். ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்துங்கள். ஈரக்கரையில் ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது சக்கரம் தள்ளி இருக்கட்டும். மண் சரிவது விளிம்பில்தான். தொடர் ஒலி வருவது சுமார் 30 சென்டிமீட்டரில், அதற்குமேல் ஒரு அங்குலமும் போகாதீர்கள். சேறோ மழைத்துளியோ ஒட்டினால் சும்மாவே கத்தும், துடைத்தால் நிற்கும். வாட்டர் வாஷில் பிரஷர் பைப்பைச் சென்சாரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பம்பருக்கு டச்சப் செய்யும்போது சென்சார்மேல் கெட்டியாகப் பெயின்ட் அடித்தால் அது செவிடாகிவிடும்.

பெல்ட் பற்றிச் சுருக்கமாக: அலாரம் கத்தாமலிருக்க மாட்டும் போலிக் கிளிப்பை எடுத்தெறியுங்கள். பெல்ட் இல்லாமல் முன்னால் சரிந்து வருபவர் முகத்தில்தான் ஏர்பேக் வெடித்து விரியும். பயணி பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் மூடிமேல் பிள்ளையாரை ஒட்டாதீர்கள். சீட்டில் பக்க ஏர்பேக் இருந்தால் அதற்கென்று தையல் விட்ட உறைதான் போட வேண்டும்.

கண்ணாடி மாற்றினால்

முன்கண்ணாடி மாற்றினாலும், முன் பம்பரைக் கழற்றினாலும், லேசாக இடித்து ரேடார் தாங்கி வளைந்தாலும் கேலிபரேஷன், அதாவது கேமராவும் ரேடாரும் பார்க்கும் திசையைச் சரிசெய்வது, கட்டாயம். ரேடார் ஒரு டிகிரி திரும்பினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் விலகும், அது அரை லேன். பக்கத்து லேன் லாரிக்கு பிரேக் அடிப்பதும், நேர் எதிரே இருப்பதை விடுவதும் இப்படித்தான்.

சில கார்களுக்குச் சமதளத் தரையில் குறிப்பலகை வைத்துச் செய்வார்கள். டயர் காற்று சரியாக, டிக்கி காலியாக இருக்க வேண்டும். நெல் மூட்டையோடு போனால் மூக்கு தூக்கி அளவு தவறும். சில கார்களைக் கோடு தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் சரிசெய்வார்கள். அதற்கு ஊர்ச்சாலை உதவாது, நான்குவழிச் சாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இன்சூரன்ஸில் கண்ணாடி மாற்றும்போது எஸ்டிமேட்டிலேயே கேலிபரேஷன் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா, கேமரா தாங்கி உங்கள் மாடலுக்குரியதா என்று கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது ஸ்கேனர் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து வாங்கி, அதில் கேமரா, ரேடார் இரண்டுக்கும் பிழை எதுவும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.