‘நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் வராது’ என்று தோன்றும்போது குரூப் ஸ்டடி நடத்துவது எப்படி?

வகுப்பில் நீங்கள் மட்டும் வேறு இனம், வேறு மொழி. முதல் டெஸ்டில் மார்க் குறைந்ததும் ‘இந்தப் பாடம் புரியவில்லை’ என்று தோன்றாமல், ‘நம்ம ஆட்களுக்கு இது வராதோ’ என்று தோன்றுகிறதா? அப்படித் தோன்றினால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இன்னும் அதிக நேரம் படிக்கத்தான் மனம் சொல்லும். கேட்காதீர்கள்.

1970களில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் கால்குலஸ் என்ற கணிதப் பாடத்தில் ஏன் இவ்வளவு பேர் தேறாமல் போகிறார்கள் என்று யூரி ட்ரைஸ்மன் தேட ஆரம்பித்தார். அப்போது அவரே அங்கே ஆராய்ச்சி மாணவர்தான். ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வமில்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை என்று பதில் தயாராக இருந்தது. அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளே இல்லை. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படி என்று சொன்னதை அப்படியே கேட்டு வாரம் 8 மணி நேரம் படித்தார்கள், ஹோம்வொர்க்கை நாள் தவறாமல் கொடுத்தார்கள், ஆனால் தனியாக. நண்பர்கள் வேறு, படிப்பு வேறு. சீன மாணவர்கள் சுமார் 14 மணி நேரம்: தனியாகப் படித்துவிட்டு அப்புறம் சேர்ந்து சாப்பிட்டு, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் திருத்தி, நூலகத்தில் கிடந்த பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்து, நடுவில் யாராவது ஒரு அண்ணன் வந்து கேள்வி கேட்டு என்று போகும். தான் எங்கே நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். தனியாகப் படித்தவருக்கோ தான் மட்டும்தான் திணறுகிறோம் என்ற எண்ணம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஐந்தாறு பேர் போதும், வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம். கணக்குகளை முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் அரட்டைதான் நடக்கும். ஒருவர் பலகையில் போடட்டும். ‘இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்தால்...’ என்பார். மூலையிலிருந்து ஒருத்தி, ‘எக்ஸ் பூஜ்யமாக இருந்தால்?’ என்பாள். அந்தக் கேள்விக்காகத்தான் கூடுகிறீர்கள்.

கணக்கு கஷ்டமானதாக இருக்கட்டும். ட்ரைஸ்மன் பிறகு நடத்திய பட்டறைகள் ‘பின்தங்கியவர்களுக்கான வகுப்பு’ என்ற பெயரில் நடக்கவில்லை, திறமைசாலிகளுக்கான கூடுதல் பயிற்சியாகத்தான் நடந்தன. பள்ளியில் முதல் மார்க் வாங்கி வந்த பிள்ளையை ‘நீ வீக், இங்கே வா’ என்று கூப்பிட்டால் வருமா?

இதை ஆசிரியர்களும் கவனிக்கலாம். உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் ஸ்டான்ஃபோர்டில் செய்து 1995இல் வெளியிட்ட சோதனையில், இது அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று சொன்னபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது, அப்படிச் சொல்லாதபோது அந்த இடைவெளி சுருங்கியது. இதே கருத்தைப் பிற்பாடு பெரிய அளவில் சோதித்த சிலருக்கு இந்த விளைவு கிடைக்கவில்லை, ஆகவே இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். குரூப்பை விடாமல் நடத்துங்கள்.

கடைசியாக, விடைத்தாள் வந்த அன்று எல்லாரும் அதை மேசையில் விரித்து வைத்து, யாருக்கு எந்த வரியில் மார்க் போனது என்று பாருங்கள். 50க்கு 14 வாங்கியவர் அதைப் பைக்குள் மறைத்துவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்.