நீல டாரன்டுலா வளர்ப்பு: ஒரு பொந்தைப் பராமரிப்பது எப்படி?

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. முக்கால் பாகம் மண், மண்ணில் ஒரு ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் என்ன விதை போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான். உள்ளே இருப்பது ஒரு கோபால்ட் நீல டாரன்டுலா, அதாவது ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி, என்று சொன்னால் இரண்டடி பின்னால் போய்விட்டு, "எங்கே, காட்டுங்கள்" என்பார்கள். காட்ட முடியாது. எனக்கே அது வாரத்துக்கு ஒரு முறை காட்சி தந்தால் அதிகம்.

வளை தோண்டி வாழும் இந்த வகைச் சிலந்திகளை வளர்ப்பவர்கள் ‘பெட் ஹோல்’, அதாவது செல்லப் பொந்து என்று கேலியாகச் சொல்வார்கள். கேலியில் பாதி உண்மை. இதை வளர்க்கக் கற்பது என்பது பெரும்பாலும் அந்த வளையின் வாயைப் படிக்கக் கற்பதுதான். கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றியே வரும்.

படி 1: யாரை வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள்?

மியான்மர், தாய்லாந்து காடுகளைச் சேர்ந்தது இந்தச் சிலந்தி. 1996-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற சிலந்தி ஆய்வாளர் இதற்கு ஹாப்லோபெல்மா லிவிடம் என்று பெயர் வைத்தார். பிறகு இதை சிரியோபாகோபஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். விற்பவர்கள் இன்னும் இரண்டு பெயரையும் எழுதுகிறார்கள், குழம்ப வேண்டாம். கால்களை விரித்தால் முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 13 செ.மீ. இருக்கும். பெண் சிலந்தி 15, 20 ஆண்டுகள்கூட வாழும். ஆண் முதிர்ந்த பிறகு ஓர் ஆண்டு தாண்டுவதே அபூர்வம், அதோடு நீலமும் பெரும்பாலும் போய் வெளிர் பழுப்பாகிவிடும்.

அந்த நீலம் சாயம் இல்லை. மயிலிறகில் இருப்பது போல, ரோமத்தின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். இருட்டில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும் பிராணிக்கு இவ்வளவு அழகான நிறம் எதற்கு என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

சரி, இப்போது கசப்பான விஷயம். இது ஆரம்பநிலைச் சிலந்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கக் கண்ட டாரன்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிக்கும் ரோமம் உண்டு. பயந்தால் அதை உதறிவிட்டு ஒதுங்கும். ஆசிய வகைகளுக்கு அந்த ஆயுதம் இல்லை. ஓடும், முன்கால்களைத் தூக்கி நச்சுப்பல்லைக் காட்டும், அப்புறம் கடிக்கும். வேகமோ கண் இமைக்கும் நேரம். டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்றாலும், இந்த வகைக் கடியில் கடும் வலியும் வீக்கமும் தசைப்பிடிப்பும் வரும். கையில் எடுத்துப் படம் பிடிக்கும் ஆசை இருந்தால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடுங்கள். இந்தச் சிலந்தியைக் கையில் எடுக்கக் கூடாது, ஒரு முறைகூட.

சிலந்தி வளர்ப்பில் பழக்கமே இல்லாதவர்கள், இதுதான் வேண்டும் என்றால், குட்டியாக வாங்குவது நல்லது. 2 செ.மீ. குட்டியோடு நீங்களும் கற்றுக்கொண்டே வளரலாம். பண்ணையில் பிறந்த குட்டியா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய சிலந்தி சந்தேகப்படும்படி மலிவாகக் கிடைத்தால், காட்டில் தோண்டி எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும் பிரிட்டனில் டாரன்டுலாவுக்கு உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் டாரன்டுலா வளர்ப்பதே குற்றம். இந்தியா, இலங்கையில் உள்ள பொசிலோதீரியா வகை மரச் சிலந்திகள் 2019 முதல், காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஊருக்குப் போன இடத்தில் தோப்பில் ஒன்றைப் பார்த்தால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 2: மண்

தொட்டியைவிட மண்தான் முக்கியம், அதனால் இதை முதலில் சொல்கிறேன். உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டமண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கொஞ்சம் மணல். வெறும் நார்க்கழிவு காய்ந்தால் பொலபொலவென்று உதிர்ந்து வளை இடிந்துவிடும். வெறும் தோட்டமண் இறுகிப் பாறையாகிவிடும். நார்க்கழிவு அமுக்கிய கட்டியாக வரும். 650 கிராம் கட்டி ஒன்று வெந்நீரில் ஊறினால் சுமார் 8 லிட்டர் அளவுக்குப் பொங்கும். நான் வாங்கும் கட்டியின் உறையில் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று அச்சடித்திருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையாக இருக்கட்டும் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

ஈரம் எவ்வளவு? புட்டு மாவு பதம் தெரியுமல்லவா, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கைப்பிடியில் அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது.

குட்டிக்கு 8 செ.மீ. ஆழம் போதும். வளர்ந்த சிலந்திக்குக் குறைந்தது 20, முடிந்தால் 25 செ.மீ. மொத்தமாகக் கொட்டாதீர்கள். நான்கு விரற்கடை மண் போட்டு, கைமுட்டியால் நன்றாக அழுத்தி, அதன் மேல் அடுத்த அடுக்கு. தரை போடும் கொத்தனார் மாதிரி பொறுமையாக இடித்துப் போடுங்கள்.

படி 3: தொட்டியும் முதல் குழியும்

வளர்ந்த சிலந்திக்கு 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் போதும். குட்டிக்கு மூடி திருகும் பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும். மூடியில் கம்பிவலை வேண்டாம், கால் நகங்கள் அதில் மாட்டிக்கொள்ளும். மண் மட்டத்துக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி சிலந்தியின் கால்விரிவைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும்.

இப்போது தந்திரம். கண்ணாடியை ஒட்டி, ஒரு கார்க் பட்டையைச் சாய்த்துப் புதைத்து, அதன் அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சரிவாக ஒரு குழி போடுங்கள். சிலந்தி பெரும்பாலும் அதையே தொடங்குமிடமாக எடுத்துக்கொண்டு, கண்ணாடியை ஒட்டியே கீழே தோண்டும். அந்தப் பக்கத்தை வெளியிலிருந்து கறுப்புத் தாளால் மூடி வையுங்கள். பிறகு எப்போதாவது தாளை விலக்கிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். ஒரு மூலையில் ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். அதில் அது மண்ணை வாரிப் போடும். கழுவி வையுங்கள், மறுபடி போடும்.

படி 4: குடியேற்றம்

பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரிக்காதீர்கள். நான் குளியல் தொட்டிக்குள் வைத்துத்தான் பிரிப்பேன். வடிகாலை அடைத்து, கதவைச் சாத்தி, பக்கத்தில் மூடியோடு ஒரு தெளிவான டப்பா, ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ், 30 செ.மீ. இடுக்கி. சிலந்தி டப்பாவுக்குள் ஈரக் காகிதத்தில் சுருண்டிருக்கும். டப்பாவின் வாயைப் புதுத் தொட்டியின் குழிக்கு நேரே சாய்த்து, பின்னங்காலைப் பிரஷ்ஷால் லேசாகத் தொட்டால் முன்னே நகரும். முன்கால் பக்கம் தொட்டால் உங்கள் பிரஷ்ஷுக்குக் கடி விழும். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். அது நின்றதும் மேலே டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகினால் முடிந்தது.

அடுத்த பத்து நாள் உணவு வேண்டாம், தொந்தரவும் வேண்டாம். ஒரு காலையில் குழிவாய்க்கு வெளியே மண் உருண்டைகள் குவிந்திருக்கும். வேலை தொடங்கிவிட்டது.

படி 5: சூடும் ஈரமும்

அறை வெப்பம் 22 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் தனிச் சூடு தேவையில்லை. தொட்டிக்கு அடியில் சூடேற்றும் பாயை வைக்கவே வைக்காதீர்கள். காட்டில் வெயில் மேலிருந்து வருகிறது, கீழே போகப் போகக் குளிர்ச்சி. சுட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டு என்பதுதான் அதன் உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி. அடியில் பாய் இருந்தால் அது தப்பிக்க நினைத்து நெருப்பை நோக்கிப் போகும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் அறையைச் சூடாக்குங்கள்.

ஈரத்துக்கு நாள்தோறும் தண்ணீர் தெளிப்பதும் தவறு. மேல்மண் சொதசொதவென்று பூஞ்சை பிடிக்கும், அடிமண் காய்ந்து கிடக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வளைக்கு எதிர் மூலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அது கீழே இறங்கிப் பரவும். கண்ணாடி வழியே பார்த்தால் அடிமண் கருமையாகவும் மேல்மண் வெளிறியும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே, பூனைக்கும் நாய்க்கும் போடும் உண்ணி மருந்து எதுவும் அந்த அறையில் கூடாது. கரப்பானைக் கொல்வது இதையும் கொல்லும்.

படி 6: தீனி

சில்வண்டு, டூபியா கரப்பான், மாவுப்புழு. இரை சிலந்தியின் வயிற்றைவிடச் சிறியதாக இருக்கட்டும். குட்டிக்கு வாரத்தில் இரண்டு நாள், நடுத்தரத்துக்கு ஒரு நாள், வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், அது எந்த வீட்டு மருந்தைத் தின்றதோ.

இரவில், சிவப்பு விளக்கொளியில், இரையை வளைவாய்க்குப் பக்கத்தில் விடுங்கள். வாயைச் சுற்றி மெல்லிய நூல்கள் விரிந்திருக்கும். அவைதான் அதன் காலிங் பெல். பூச்சி நூலை மிதித்ததும் வளைக்குள்ளிருந்து நீலமாக ஏதோ பாயும். அடுத்த நொடி பூச்சியும் இல்லை, சிலந்தியும் இல்லை. மறுநாள் காலை வரை தின்னாத இரை சுற்றிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 7: வாய் அடைபட்டால்

புதியவர்கள் பதறுவது இங்கேதான். ஒரு நாள் பார்த்தால் வளைவாயை மண்ணும் நூலும் கலந்து அடைத்திருக்கும். ஒரு வாரம், ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம் திறக்காது. பெரும்பாலும் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் முதல் சிலந்தி 11 வாரம் கதவைத் திறக்கவில்லை. செத்திருக்கும் என்று முடிவு கட்டி ஒரு கரண்டியால் தோண்டினேன். அடியில் அது மல்லாந்து படுத்திருந்தது, பக்கத்தில் பாதி கழன்ற பழைய சட்டை. புதுக் கால்கள் பால் போல வெளுத்து மெத்தென்று இருந்தன. என் கரண்டி இடித்துத் தள்ளிய மண் அதன் மேல் விழுந்து ஒரு கால் வளைந்தே இறுகிப்போனது. அடுத்த இரண்டு உரிப்புகளில் அந்தக் கால் சரியானது. அந்தக் கரண்டியை வீட்டில் எல்லோரும் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மல்லாந்து கிடந்தால் உரிக்கிறது, தொடாதீர்கள். கால்கள் எல்லாம் உள்ளே மடங்கி, குப்புறக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அடைப்பு இருக்கும் நாட்களில் எதிர் மூலைக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், இரை போடவே கூடாது. உடம்பு மெத்தென்று இருக்கும்போது ஒரு சில்வண்டு போதும் அதைக் கடித்துக் காயப்படுத்த. வாய் திறந்து, பழைய சட்டை வெளியே வீசப்பட்ட பிறகும் பத்து நாள் பொறுங்கள். நச்சுப்பல் வெள்ளையிலிருந்து சிவந்து, பிறகு கறுக்கும்வரை தின்னாது.

வெளியே வந்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியை விரித்து உருப்பெருக்கியில் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்.

படி 8: இடம் மாற்றுவது

குட்டி வளர்ந்து டப்பா போதாமல் போகும்போது தோண்டி எடுக்க வேண்டாம். புதுத் தொட்டியில் பள்ளம் பறித்து, பழைய டப்பாவை மூடி திறந்தபடி அப்படியே மண் மட்டத்துக்குப் புதைத்துவிடுங்கள். ஒரு மாதம், இரண்டு மாதத்தில் அதுவாகவே வெளியே வந்து புதுக் குழியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு காலி டப்பாவை எடுத்துவிட்டு மண்ணை மூடலாம். காலிதானா என்று மூன்று தடவை பாருங்கள்.

ஊருக்குப் போகும் பிரச்சினையும் இதில் குறைவு. போன வருடம் ஐந்து வாரம் ஊரில் இருந்தேன். கிளம்பும் முன் வயிறு நிறையத் தீனி, மூலையில் தண்ணீர், அவ்வளவுதான். சாவியைக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு வாரம் கழித்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லியிருந்தேன். என்ன செடி என்று அவர் கேட்டார். திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன்.