பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மாற்றுக் கார்புரேட்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது

பழைய சிக்ஸ் சிலிண்டர் கார் ஐட்லிங்கில் நிற்காமல் துடித்தாலும் சரி, பெட்ரோலை மடமடவென்று குடித்தாலும் சரி, முதல் பழி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் தலையில்தான் விழும். பல நேரம் கோளாறு வேறு எங்காவது இருக்கும். அதனால் பணம் போடும் முன்னால் பாயிண்ட் கேப் (ஸ்பார்க்குக்கான தொடர்பு முனைகளின் இடைவெளி), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), பெட்ரோல் ஃபில்டர், கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, த்ராட்டில் ஷாஃப்டின் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு) முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இம்மி அசைந்தால் பரவாயில்லை. லொடலொடவென்று ஆடினால் ஷாஃப்ட் போகும் துளையே தேய்ந்து அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை எந்த ரிப்பேர் கிட்டும் சரிசெய்யாது, ஏனென்றால் கிட்டில் வருவது பெரும்பாலும் கேஸ்கெட், நீடில் வால்வு, பம்ப் ரப்பர் இவ்வளவுதான். துளைக்குப் புதிதாக புஷ் (உள் வளையம்) போட்டுத் தரும் ஆள் கிடைத்தால் பழையதையே காப்பாற்றலாம். ஷாஃப்ட் டைட்டாக இருக்கிறதென்றால் கிட் வாங்கிச் சுத்தம் செய்து மாட்டுங்கள், புதுசுக்கு அலையாதீர்கள்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் அளவு. எஞ்சின் அளவை கியூபிக் இன்ச்சில் எடுத்து (ஒரு லிட்டர் சுமார் 61 கியூபிக் இன்ச்), நீங்கள் உண்மையில் ஓட்டும் உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி, 3456-ஆல் வகுத்து, வருவதில் 80 சதவீதம் எடுங்கள். 250 கியூபிக் இன்ச் எஞ்சின் 4500 ஆர்பிஎம் என்றால் ஏறக்குறைய 260 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஒற்றை பேரல், இரட்டை பேரல் (பேரல் என்றால் காற்று போகும் வாய்) கார்புரேட்டர்களை வழக்கமாக 3 இன்ச் மெர்குரி வேக்குவத்தில், அதாவது உறிஞ்சும் அழுத்தத்தில், அளப்பார்கள், நாலு பேரலை 1.5 இன்ச்சில். அதனால் 300 சிஎஃப்எம் என்று போட்ட இரட்டை பேரல், நாலு பேரல் கணக்கில் 212 மட்டுமே. இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

பெரிசாக வாங்கினால் பவர் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரிசையாக ஆறு சிலிண்டர் நிற்கும் எஞ்சினில், நடுவில் ஒரே கார்புரேட்டர் இருந்தால் 1-ஆவது, 6-ஆவது சிலிண்டருக்குக் கலவை நீண்ட தூரம் போக வேண்டும். கார்புரேட்டர் வாய் பெரிதானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகப் பொடியாகாமல் மேனிஃபோல்டின் அடியிலேயே படியும், பிக்கப் செத்துவிடும். தினமும் ஓட்டும் காருக்குக் கொஞ்சம் சின்னதாக இருப்பதே மேல்.

ஆனால் என்னைக் கேட்டால் அளவு இரண்டாம் பட்சம். கார்புரேட்டரோடு என்னென்ன கோத்திருக்கிறது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1968-க்கு முந்தைய ஃபோர்டு 170, 200 கியூபிக் இன்ச் எஞ்சின்கள் பலவற்றில் லோட்-ஓ-மேட்டிக் என்ற டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புவது) இருக்கும், அதற்குள் வேகத்துக்கேற்ப டைமிங்கை நகர்த்தும் சென்ட்ரிஃபியூகல் வெயிட்டே கிடையாது, டைமிங் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டியே விழ வைப்பது) முழுக்க கார்புரேட்டர் தரும் வேக்குவத்தை நம்பித்தான் நடக்கிறது, அதற்காகவே ஆட்டோலைட் 1100-இல் ஸ்பார்க் கன்ட்ரோல் வால்வு என்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். அந்த வால்வு இல்லாத கார்புரேட்டரை மாட்டினால் எவ்வளவு ட்யூன் செய்தாலும் கார் இழுக்காது. மாற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிரைஸ்லர் ஸ்லான்ட் சிக்ஸில் வேறு கதை: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் த்ராட்டிலோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் ராடு இருக்கும், அதை மாட்ட இடமில்லாத கார்புரேட்டரைப் போட்டு அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸ் உள்ளே பிரஷர் குறைந்து கிளட்ச் தட்டுகள் கருகிவிடும்.

அடுத்தது சோக், அதாவது குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் தகடு. உங்கள் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து சூடான காற்று வரும் குழாய் இருந்து, வாங்குவது எலக்ட்ரிக் சோக் என்றால், சாவி ஆனில் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயர் ஒன்று தேட வேண்டும். இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்காதீர்கள், பெரும்பாலான பழைய கார்களில் அங்கே ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்ட்தான் வரும், சோக் திறக்கவே திறக்காது. பிசிவி குழாய் (எஞ்சின் உள்புகையை இழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் குழாய் இவற்றுக்கு வாய் இருக்கிறதா என்றும் விற்பவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பலரும் போவது வெபர் 32/36 என்ற இரட்டை பேரல் கார்புரேட்டருக்கு. நல்ல சரக்குதான், முதல் பேரல் தனியாகத் திறந்து இரண்டாவது பின்னால் வருவதால் மெதுவாக ஓட்டும்போது சிக்கனம். டிஜிவி என்றால் கையால் இழுக்கும் சோக், டிஜிஇவி என்றால் எலக்ட்ரிக். ஆனால் இதற்கு 3 பிஎஸ்ஐ அளவுக்கு பெட்ரோல் பிரஷர் போதும், பழைய மெக்கானிக்கல் பம்ப் 5, 6 தள்ளும், பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டர் போடாவிட்டால் நீடில் வால்வைத் தள்ளித் திறந்து ஓவர்ஃப்ளோ ஆகும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் வழிவது விளையாட்டில்லை. உள்ளே இருக்கும் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) எந்த எஞ்சினுக்குப் போட்டது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். அடாப்டர் தட்டு வைத்தால் உயரம் கூடும், ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கும், அதையும் முன்னாலேயே அளந்துவிடுங்கள்.

மாற்றங்கள் எதுவும் வேண்டாம் என்றால் பழைய கார்புரேட்டரின் மேலே ஸ்க்ரூவில் தொங்கும் சின்னத் தகட்டில் எண் இருக்கும், அதே எண்ணில் ரீபில்ட் செய்ததை வாங்குங்கள். தகடு தொலைந்திருந்தால் கார்புரேட்டர் உடம்பில் குத்திய எண்ணைத் தேடுங்கள். வந்ததும் ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கும் அதே சோதனையை இதற்கும் செய்யுங்கள், ரீபில்ட் என்ற பெயரில் வெறும் பெயிண்ட் அடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தொகை கழிப்பார்கள், ஆனால் புதியது சில நாள் ஒழுங்காக ஓடும் வரை கொடுத்துவிடாதீர்கள். லிங்கேஜ் கை, சோக் ராடு, ஸ்பிரிங் மாட்டும் கொக்கி எல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.