மெஷின் எம்பிராய்டரி: புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள்கூட எம்பிராய்டரி மெஷின் வாங்கிய புதிதில் திணறிப்போகிறார்கள். மேல்நூல் அறுகிறது, பூவைச் சுற்றித் துணி சுருங்குகிறது, அடியில் நூல் கட்டிகட்டியாகச் சிக்குகிறது. உடனே மெஷினில் பழுது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் மெஷினில் ஒரு குறையும் இருக்காது. துணியை ஹூப்பில், அதாவது துணியைக் கவ்விப் பிடிக்கும் இரட்டை வளையத்தில், பிடித்த விதமும் நூல் கோத்த விதமும்தான் காரணம். அதனால் அந்த இரண்டையும்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

வாங்கும்போது கவனிக்காமல் விடுவது

கொழும்பில் பலருக்கு முதல் மெஷின் வெளிநாட்டு உறவினர் வழியாக வருகிறது. லண்டனிலிருந்து வந்தால் சிக்கல் இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதே சதுர முனைப் பிளக். கனடா மெஷின் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. பிளக் அடப்டர் முனையை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அப்படியே செருகினால் சர்க்கிட் போர்ட் கருகிவிடும். மெஷினின் பக்கத்திலோ அடியிலோ உள்ள தகட்டில் "100–240" என்று இருந்தால் நேரடியாகப் போடலாம். "120" மட்டும் இருந்தால், மெஷினின் வாட்ஸைவிடக் கூடிய திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். டிரான்ஸ்போமர் ஹேர்ட்ஸை மாற்றாது. ஆகவே தகட்டில் "50/60" என்று இருக்கிறதா என்பதை, மெஷினை அனுப்பச் சொல்வதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது ஹூப் அளவு. 10×10 சென்ரிமீற்றர் மெஷினைப் பின்னர் பெரிதாக்க வழியே இல்லை, ஏனென்றால் ஹூப்பை நகர்த்தும் அதன் கை அவ்வளவு தூரம்தான் நகரும். அதற்கென்று விற்கும் நீளமான ஹூப்பை வாங்கினாலும், ஒரு தடவைக்கு அதே 10×10தான் தைக்கும். பிறகு ஹூப்பை இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். துவாய் மூலை, பிள்ளையின் பெயர், கைக்குட்டை போதும் என்றால் இது தாராளம். சாறி பிளவுஸின் பின்கழுத்துக்கும் கைக்கும் வேலை செய்ய ஆசை என்றால் குறைந்தது 13×18 வேண்டும்.

ஊசி, நூல், பொபின்

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் தையல் சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே அதிகம் விற்பனையாவது தொழிற்சாலை மெஷினுக்கான ஊசி. டிபி×1, டிபி×கே5 என்று பக்கெற்றில் போட்டிருக்கும். அவற்றின் தண்டு முழு வட்டமானது. வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள ஊசி வேண்டும். பக்கெற்றில் எச்ஏ×1 அல்லது 130/705 எச் என்று இருக்கும். வட்டத் தண்டு ஊசியை வற்புறுத்தி மாட்டினால் துளை திரும்பி, அடியிலுள்ள கொக்கியான ஹூக் நூலைப் பிடிக்காமல் தையல் தவறும்.

சாதாரண வேலைக்கு 75/11 எம்பிராய்டரி ஊசி. டெனிமுக்கும் ஜரிகை நூலுக்கும் 90/14. ரீ சேர்ட் துணிக்கு முனை உருண்ட போல் பொயின்ற் ஊசி. கூர்முனை ஊசி பின்னல் இழையை அறுத்து ஓட்டை விழுத்தும். தையல் நேரம் 8 மணித்தியாலத்தை நெருங்கினால் ஊசியை மாற்றுங்கள். ஊசி உடையும் வரை காத்திருப்பது தப்பு. மொட்டை ஊசி துணியில் இறங்கும்போது "டக் டக்" என்ற சத்தம் கேட்கும், அதுவே எச்சரிக்கை.

மேல்நூலுக்கு 40 இலக்கப் பொலியெஸ்டர் எம்பிராய்டரி நூல்; கடைகளில் 120டி/2 என்று சொல்வதும் இதுதான். அடிநூலைச் சுற்றும் சிறு உருளையான பொபினுக்கு அதைவிட மெல்லிய 60 அல்லது 90. எண் கூடக்கூட நூல் மெல்லியது. சட்டை தைக்கும் சாதாரண நூலை மேலும் கீழும் போட்டால் வேலை தடித்து, பூவின் ஓரம் கரடுமுரடாகும். உதிரும் பஞ்சு பொபின் பெட்டியை நிரப்பும். பெரிய கோன் நூல் மலிவுதான், ஆனால் அதை மெஷினின் சிறு கம்பியில் குத்தி வைக்காதீர்கள். மெஷினுக்குப் பின்னால் தனி ஸ்ராண்ட் வைத்து, நூல் மேல்நோக்கி எழுந்து வரும்படி விடுங்கள்.

பொபினின் உயரமும் முக்கியம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பொபின்கள் 1 அல்லது 2 மில்லிமீற்றர் வித்தியாசப்படும். பொருந்தாத பொபின் உள்ளே ஆடும், அடிநூலின் இறுக்கம் தைக்கத் தைக்க மாறும். மெஷினோடு வந்த பொபினைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

துணியைப் பிடிப்பது: அதிகம் பிழைக்கும் இடம்

ஒரு பூவில் ஆயிரக்கணக்கான தையல்கள் உண்டு. ஒவ்வொன்றும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது துணியின் அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர். அதற்குப் பதிலாகப் பத்திரிகைத் தாளை வைப்பவர்கள் நிறையப் பேர். தாள் ஊசியை மொட்டையாக்கும், அச்சு மை வெள்ளைத் துணியில் ஒட்டும், பாதித் தையலிலேயே கிழிந்து பிடியை விட்டுவிடும்.

எதற்கு எது? இழுபடும் துணிக்கு, முக்கியமாக ரீ சேர்ட்டுக்கு, வெட்டி எடுக்கும் வகை. சதுர மீற்றருக்கு 80 முதல் 90 கிராம் வரை. ஓரத்தை வெட்டினாலும் வேலைக்கு அடியில் இருப்பது அப்படியே தங்கிவிடும். தங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சில தடவை தோய்த்ததும் பூ குழிந்துவிடும். இழுபடாத கொட்டன், லினன், கைத்தறித் துணிக்குக் கிழித்தெடுக்கும் வகை போதும். துவாய், வெல்வெட் போல் மயிர் எழுந்த துணிக்கு அடியில் ஒன்று, மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய பிலிம் ஒன்று. மேல்பிலிம் இல்லாமல் துவாயில் பெயர் தைத்தால் எழுத்து நூல் வளையங்களுக்குள் மூழ்கிவிடும். கொழும்புப் புழுக்கத்தில் இந்தப் பிலிம் தானாகவே பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள்.

பூ விழும் இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு ஸ்டெபிலைசர் வெட்டி வைத்துச் சிக்கனம் பிடிப்பதால் பயனில்லை. ஹூப் அதையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். நான்கு பக்கமும் ஹூப்பைவிட 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும்.

ஹூப் பூட்டும் முறை இது. வெளிவளையத்தை மேசையில் வைத்துத் திருகைத் தளர்த்துங்கள். மேலே ஸ்டெபிலைசர், அதன்மேல் துணி. துணியைக் கையால் நீவிச் சமப்படுத்தி, உள்வளையத்தை நேராக அழுத்திவிட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு துணியின் ஓரங்களைப் பிடித்து இழுப்பதுதான் பெரிய பிழை. இழுபட்ட துணியின்மேல் பூ விழுகிறது. ஹூப்பைக் கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்ப, பூவைச் சுற்றிச் சுருக்கம் எழும்பும். எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் அது போகாது. துணியின் குறுக்கு நெடுக்கு இழைகள் நேராகத் தெரிந்தால் பிடி சரி, வளைந்து தெரிந்தால் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள்.

பட்டு, வெல்வெட் இரண்டிலும் வளையத்தின் தடம் பதிந்துவிடும். அவற்றை ஹூப்புக்குள் வைக்காமல், ஸ்டெபிலைசரை மட்டும் பூட்டி, அதன்மேல் துணியைப் பரப்பி, ஓரத்தைச் சுற்றி நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளலாம். பல மெஷின்களில் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. ரீ சேர்ட் என்றால் தொடங்குமுன் ஹூப்பின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். பின்பக்கத் துணி அடியில் மாட்டி, முன்னும் பின்னும் ஒன்றாகத் தைபடுவது அடிக்கடி நடக்கிறது.

புதுக் கொட்டனைத் தோய்த்துக் காயவைக்காமல் வேலை தொடங்க வேண்டாம். துணி முதல் தோய்ப்பில் சுருங்கும், பொலியெஸ்டர் நூல் சுருங்காது.

அடியில் நூல் கட்டினால்

அடியில் சிக்குகிறதே என்று பொபினைத்தான் எல்லோரும் கழற்றிப் பார்க்கிறார்கள். அடியில் கட்டும் நூலின் நிறத்தைப் பாருங்கள்: அது மேல்நூல். துணியை அழுத்தும் மெஷின் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் வெளியே நிற்கும், பிடிமானம் இல்லாத நூல் முழுவதும் அடிக்கு இறங்கிக் குவியும். காலைத் தூக்குங்கள், நூலை முழுதாக எடுத்துவிட்டு முதலிலிருந்து கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சோதனை: கால் மேலே இருக்கும்போது நூல் இலகுவாக வர வேண்டும், காலை இறக்கியதும் இழுக்கக் கடினமாக வேண்டும். கடினமாகவில்லை என்றால் நூல் இன்னும் தட்டுக்குள் போகவில்லை.

டென்ஷன் எண்ணைக் கடைசியாகத் தொடுங்கள். மேல்நூலைத் திரும்பக் கோர்ப்பது, ஊசி மாற்றுவது, பொபினை எடுத்துத் திரும்ப வைப்பது, இந்த மூன்றையும் செய்த பிறகே அது. தடித்த சற்றின் தையலின் (நெருக்கமாக அங்குமிங்கும் ஓடி இடத்தை நிரப்பும் தையல்) அடிப்பக்கம் பாருங்கள்: நடுவில் மூன்றிலொரு பங்கு பொபின் நூல், இரு ஓரமும் மேல்நூல் என்றால் டென்ஷன் சரி.

வேகமும் அவசரப்பட வேண்டிய விஷயம் அல்ல. நிமிடத்துக்கு 400 தையலில் தொடங்குங்கள். 10,000 தையலுள்ள பூ அந்த வேகத்தில் 25 நிமிடம். நிறம் மாற்றும் நேரம் தனி.

டிசைனும் தமிழ் எழுத்தும்

டிசைன் கோப்புகளில் பிரதர் மெஷின் பிஇஎஸ் கோப்பையும் ஜனோம் ஜேஇஎஃப் கோப்பையும் படிக்கும். டிஎஸ்டி என்ற இன்னொரு வகைக் கோப்பில் நூலின் நிறம் பதிவாகாது, ஆகவே திரையில் விநோத நிறங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

10 சென்ரிமீற்றர் பூவை மெஷினிலேயே 5 ஆகச் சுருக்குவது ஆபத்தானது. பல மெஷின்கள் தையல் எண்ணிக்கையைக் குறைக்காமல் அளவை மட்டும் சுருக்கும். நான்கிலொரு பங்கு இடத்தில் அதே தையல்கள் விழுந்தால் வரிசைகளுக்கிடையே 0.4 மில்லிமீற்றராக இருந்த இடைவெளி 0.2 ஆகும். துணி மட்டை போல விறைத்து, ஊசி உடையும். கூட்டவோ குறைக்கவோ 10 வீதத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் என்றால் தையலைத் திரும்பக் கணிக்கும் மென்பொருள் வேண்டும்.

மெஷினில் உள்ள எழுத்துகளில் தமிழ் இருப்பது அரிது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிச் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தடித்த தமிழ் எழுத்துருவில் பெயரை அடித்து, கோட்டுருவமாக மாற்றித் தையலாக்கலாம். படத்தைக் கொடுத்துத் தானாக டிசைன் ஆக்கும் வசதியை எழுத்துக்குப் பாவிக்காதீர்கள். ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போகும். எழுத்தின் உயரம் 12 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். புள்ளியைத் தனியாகப் பெரிதாக்கி, 1.5 மில்லிமீற்றராவது அகலமாக வையுங்கள். துவாயில் புள்ளி மறைந்தால் பெயரே மாறிவிடும்.

பராமரிப்பு

ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் பொபின் பெட்டியைக் கழற்றிச் சிறு தூரிகையால் பஞ்சைக் கூட்டி எடுங்கள். வாயால் ஊதினால் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். எண்ணெய் விடுவது மெஷினுக்கு மெஷின் வேறுபடும். சிலவற்றுக்கு ஹூக்கில் ஒரு துளி, பலவற்றுக்கு ஒன்றுமே வேண்டாம். கையேட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். கடல் பக்கமாக, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இருப்பவர்கள் ஊசிகளைத் திறந்த பெட்டியில் வைத்தால் துரு ஏறும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை மட்டும் நிறுத்தாமல் பிளக்கையே கழற்றி வையுங்கள். நடுவில் நின்ற தையலை, ஹூப்பைக் கழற்றாமல் வைத்திருந்தால், தையல் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு அதே இடத்திலிருந்து தொடரலாம்.