ஃபைனல் ஃபேன்டஸி 14: மெதுவான ஆரம்பத்தைத் தாண்டுவது எப்படி

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டஸி 14 கேம் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் "ஆரம்பம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும், தாக்குப்பிடி, அப்புறம் பாரு" என்பார்கள். பொய் இல்லைதான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த இடத்தில் மெதுவு, அங்கே எதைச் செய்யலாம், எதைத் தைரியமாக விட்டுவிடலாம் என்று சொன்னால்தான் உபயோகம்.

முதலில் பணம். இப்போதைக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இலவச டிரயலிலேயே லெவல் 70 வரை போகலாம். 2013-இல் வந்த அ ரெல்ம் ரீபார்ன், 2015-இன் ஹெவன்ஸ்வர்ட், 2017-இன் ஸ்டார்ம்பிளட் மூன்றும் அதில் அடக்கம், இத்தனை நாள்தான் என்ற கெடுவும் கிடையாது. கேமுக்குள் புழங்கும் பணமான கில் கையில் 3 லட்சத்துக்கு மேல் சேராது, மார்க்கெட் போர்டில் வாங்க விற்க முடியாது, ஃப்ரீ கம்பெனி எனப்படும் குழுக்களில் சேர முடியாது. கதைக்காக வருகிறவருக்கு இதெல்லாம் பெரிதாக இடிக்காது. தள்ளுபடி விலையில் ஸ்டார்ட்டர் எடிஷன் கண்ணில் படும், அப்போதுதான் கை அரிக்கும். அதில் இருப்பதும் இதே மூன்று பாகங்கள்தான். அதை வாங்கினால் முதல் 30 நாள் முடிந்ததும் மாதச் சந்தா கட்ட வேண்டும், அந்தக் கணக்கில் மறுபடி டிரயலுக்குத் திரும்பவும் முடியாது.

சர்வர்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்று நான்கு வட்டாரங்களில் இருக்கின்றன. இந்தியாவிலோ இலங்கையிலோ இல்லை. பிங் எண்ணை, அதாவது சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதத்தை, மட்டும் பார்க்காமல் நீங்கள் எந்த நேரத்தில் ஆடுவீர்கள் என்பதையும் பாருங்கள். ஜப்பானில் இரவு 8 மணி என்றால் நமக்கு மாலை 4:30, ஐரோப்பாவில் இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவை ஒட்டி. ஆரம்பக் கதையில் வரும் டன்ஜன்களை, அதாவது குழுவாக நுழைந்து சண்டைபோடும் இடங்களை, கணினி ஓட்டும் துணைவர்களோடே முடித்துவிடலாம், டியூட்டி சப்போர்ட் என்று அதற்கு ஒரு மெனு இருக்கிறது. ஆனால் லெவல் 50-இல் கிரிஸ்டல் டவர் என்று 24 பேர் சேர்ந்து ஆடும் ரெய்டுகள் கட்டாயம், அப்போது ஆள் நடமாட்டம் உள்ள நேரமாக இருந்தால் நல்லது.

கேமைத் திறப்பதற்கு முன் யூடியூபில் 'எண்ட் ஆஃப் அன் ஈரா' என்ற அதிகாரபூர்வ வீடியோவைப் பார்த்துவிடுங்கள். 2010-இல் வந்த முதல் பதிப்பு படுதோல்வி. நவோகி யோஷிதா பொறுப்பேற்று, பழையதை ஒட்டுப்போடாமல் புதிதாகவே கட்டிவிட முடிவெடுத்தார். 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடியபோது கதைக்குள்ளேயே டாலமுட் என்ற நிலவை விழவைத்து அந்த உலகத்தை அழித்தார்கள். நீங்கள் நுழையும் கதை அதற்கு ஐந்து வருடம் கழித்து நடக்கிறது. ஆரம்பத்தில் பலரும் தங்களைக் காப்பாற்றிய வீரர்களைப் பற்றி உருகுவார்கள், ஆனால் யாருக்கும் அவர்கள் முகம் நினைவில் இருக்காது. அந்த வீரர்கள் வேறு யாருமில்லை, பழைய பதிப்பை ஆடியவர்கள்தான். இது தெரியாவிட்டால் முதல் சில மணி நேரத்தில் பாதி வசனம் வெறும் புலம்பலாகத்தான் கேட்கும்.

எந்த கிளாஸ், அதாவது எந்தச் சண்டைத் தொழில், எடுப்பது என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கேரக்டரை வைத்து எல்லா கிளாஸும் ஏற்றலாம், லெவல் 10 கிளாஸ் குவெஸ்ட் (கேம் தரும் வேலை) முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் எடுக்கும் ஆயுதம்தான் எந்த ஊரில் தொடங்குவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும்: வில் என்றால் காட்டுக்குள் கிரிடானியா, கோடரி என்றால் துறைமுகமான லிம்சா லொமின்சா, வாள் என்றால் பாலைவனத்து உல்டா. என்னைக் கேட்டால் வில். ஓடிக்கொண்டே அம்பு விடலாம், புதியவருக்கு அது பெரிய நிம்மதி.

சண்டை மந்தமாகத் தெரிந்தால் உங்கள் கணினியைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலான தாக்குதல்களுக்கு நடுவில் 2.5 நொடி இடைவெளி, லெவல் 10-இல் கையில் இருப்பதோ மூன்று நான்கு பட்டன். லெவல் ஏற ஏற அந்த இடைவெளிக்குள் செருகுகிற திறன்கள் வந்து சேரும், அப்போது அதே 2.5 நொடி போதாமல் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். திரையின் இடது மேல் மூலையில் அடுத்த மெயின் ஸ்டோரி குவெஸ்ட் எது என்று எப்போதும் காட்டும், அதையே பிடித்துக்கொண்டு போங்கள். ஆள் தலைக்கு மேல் சாதாரண மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள், முழுக்கதைக்கு வேண்டிய அனுபவப் புள்ளி கதையிலேயே கிடைத்துவிடும். ஊர் முழுக்க மஞ்சள் குறிகளைத் துடைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் லெவல் 25-இல் சலித்துப்போய் அன்இன்ஸ்டால் செய்கிறார்கள். நீல நிறத்தில் பிளஸ் குறியோடு வருபவை வேறு வகை, அவை ஏதாவது புது வசதியைத் திறக்கும். ஹால் ஆஃப் தி நாவிஸ் பயிற்சியை முடித்தால் லெவல் 30 வரை 30 சதவீதம் கூடுதல் புள்ளி தரும் மோதிரம் கிடைக்கும். லெவல் 20-ஐ ஒட்டி கிராண்ட் கம்பெனி எனப்படும் ஊர்ப்படையில் சேர்ந்ததும், அங்கே செல்லும் பணமான சீல் 200 கொடுத்துச் சொந்தமாகச் சொகோபோ என்ற சவாரிப் பறவை வாங்கிவிடுங்கள், நடை மிச்சம். லெவல் 30-இல் கிளாஸ் குவெஸ்ட் முடித்து கிளாஸை அடுத்த நிலைக்கு உயர்த்தும் ஜாப் கல்லை வாங்க மறக்காதீர்கள், அது இல்லாமல் 50-இல் வந்து நிற்பவர்களை இன்னும் பார்க்கிறோம்.

முதல் டன்ஜன் சஸ்டாஷா, லெவல் 15. கடற்கொள்ளையர் குகை. உள்ளே தரையில் ரத்தக்கறை படிந்த ஒரு குறிப்பு கிடக்கும், அதில் எந்த நிறப் பவளத்தைத் தொட வேண்டும் என்று இருக்கும், ஒவ்வொரு முறையும் நிறம் மாறும். கடைசி பாஸ் சண்டையில் தரையிலிருக்கும் கம்பி மூடிகளில் நீர்க்குமிழி வந்தால் ஓடிப்போய் அதை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டி எதிரிகள் கிளம்பி வருவார்கள். மனிதர்களோடு போனால் முதல் முறை என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் முளைவிட்ட செடிச் சின்னம் இருக்கும், புதியவர் இருந்தால் மற்றவர்களுக்கும் போனஸ் உண்டு, அதனால் பொதுவாக யாரும் முகம் சுளிப்பதில்லை.

சரி, நிஜமான சோதனைகள். வேக்கிங் சேண்ட்ஸ் என்ற தலைமையகத்துக்குத் திரும்பத் திரும்ப வரச்சொல்வார்கள், அது இருக்கும் வெஸ்பர் பே ஊரில் நொடியில் தாவி வந்திறங்க உதவும் ஏதரைட் கல் கிடையாது. பக்கத்து ஊரான ஹொரைசனில் இறங்கி மிச்சத்தை ஓட வேண்டும். அடுத்தது டைட்டன் என்ற பெரிய எதிரியோடு மோதுவதற்கு முன்னால் வரும் விருந்துப் படலம்: உலகம் அழியப்போகிறது, நீங்கள் சீஸும் ஒயினும் தேடி அலைந்துகொண்டிருப்பீர்கள். வேண்டுமென்றே இழுத்தது மாதிரிதான் இருக்கும், எனக்கும் அந்தப் பகுதிக்கு வக்காலத்து வாங்க மனம் வரவில்லை. இருந்தாலும் 2020 ஆகஸ்டில் வந்த 5.3 பேட்சில் ஆரம்பக் கதையின் குவெஸ்ட்கள் பலவற்றை வெட்டிவிட்டார்கள், அந்தக் கதையின் முடிவில் வரும் அல்டிமா வெப்பன் என்ற எதிரியை வீழ்த்தியதும் பழைய நிலங்களில் பறக்கவும் முடியும்.

அதற்குப் பிறகு ஹெவன்ஸ்வர்டுக்கு முன்னால் ஒரு நீண்ட இடைவெளிக் கதை இருக்கிறது, நிறைய பேர் விலகுவது அங்கேதான். இதை மெகா சீரியல் பார்ப்பது போல ஆடுங்கள், தினம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கடைசி ஒரு மணி நேரக் காட்சிகளை மட்டும் தூக்கம் வரும் நேரத்தில் தொடாதீர்கள். கட்சீனை (கதை சொல்லும் காட்சியை) ஸ்கிப் செய்தே ஆக வேண்டிய அவசரம் வந்தால், விடுதி அறையில் இருக்கும் அன்எண்டிங் ஜர்னி புத்தகத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் கதை ஸ்கிப்பை வாங்காதீர்கள், கதைக்காகவே இருக்கும் கேமில் கதையைத் தாண்டக் காசு கொடுப்பது என்ன கணக்கோ.

ஹெவன்ஸ்வர்டில் பனி மூடிய இஷ்கார்டுக்குள் நுழைந்து பத்துப் பதினைந்து குவெஸ்ட் ஆன பிறகும் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம், செலவு ஒன்றும் இல்லையே. பிடித்துப்போய் ஸ்டார்ம்பிளட் வரை முடித்துவிட்டால் அப்போது வாங்குங்கள். அடிப்படைக் கேமான ஸ்டார்ட்டர் எடிஷனோடு டான்டிரெயில் என்ற பிந்தைய பாகத்தை எடுத்தால் போதும், இடையில் வந்த ஷேடோபிரிங்கர்ஸும் எண்ட்வாக்கரும் அதிலேயே வந்துவிடும், தனித்தனியாக வாங்க வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் அடிப்படைக் கேமை ஸ்டீமில் வாங்கினால் மற்ற பாகங்களையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும், வெளியே வாங்கினால் எல்லாமே வெளியே, இரண்டும் கலக்காது.